கேன்டன் கண்காட்சிக்குப் போக ஹாங்காங் வழி சரிப்படுமா?

கோவையிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "ஏப்ரலில் குவாங்சோவில் நடக்கும் கேன்டன் கண்காட்சிக்கு அண்ணன் மகனோடு போகிறேன். பம்ப் உதிரிபாகம் பார்க்க வேண்டும். சென்னையிலிருந்து ஹாங்காங் வரை விமானம், அங்கிருந்து ஒரு மணி நேர ரயில், அதுதான் மலிவு என்கிறார் ஏஜென்ட். கண்காட்சிக்கு நடுவில் ஒரு நாள் ஹாங்காங் போய் உறவினரைப் பார்த்து வரலாமா? இரவில் இறங்கினால் டாக்சி கிடைக்குமா?"

ஹாங்காங் வழி உங்களுக்கு வேண்டாம். சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ விமானம் மாறி, நேரே குவாங்சோ பையுன் விமான நிலையத்தில் இறங்குங்கள். முழுப் பயணத்தையும் ஒரே டிக்கெட்டாக எடுத்தால், சென்னையில் போட்ட பெட்டியைக் குவாங்சோவில் எடுத்துக்கொள்ளலாம்.

அந்த ஒரு மணி நேர ரயில் பொய் இல்லை. ஆனால் அதற்கு முன்னும் பின்னும் இருப்பதை ஏஜென்ட் சொல்வதில்லை. ஹாங்காங் குடிநுழைவைத் தாண்டி, பெட்டியை எடுத்துக்கொண்டு, ஏர்போர்ட் எக்ஸ்பிரஸில் கௌலூன் வந்து, அங்கிருந்து மேற்கு கௌலூன் ரயில் நிலையத்துக்கு நடக்க வேண்டும். ஹாங்காங்கை விட்டு வெளியேறும் சோதனை, சீனாவுக்குள் நுழையும் சோதனை இரண்டும் அந்த நிலையத்துக்குள்ளேயே, ஒன்றன்பின் ஒன்றாக. வரிசை நீண்டால் ரயில் போய்விடும். பெரும்பாலான ரயில்கள் போய் நிற்கும் குவாங்சோ தெற்கு நிலையமோ ஊருக்கு வெளியே. கண்காட்சி நடக்கும் பாஜோவுக்கு அங்கிருந்து மெட்ரோவில் இரண்டாம் லைன் ஏறி, சாங்காங்கில் எட்டாம் லைனுக்கு மாற வேண்டும். டிக்கெட்டில் மிச்சம் பிடித்த பணம் இதிலேயே கரைந்துவிடும்.

அடுத்தது உறவினரைப் பார்ப்பது. இதில்தான் நம் ஆட்கள் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். பாஸ்போர்ட்டில் ஒட்டிய சீன விசாவில் 'என்ட்ரீஸ்' என்ற இடத்தைப் பாருங்கள். அங்கே 1 என்று இருந்தால் ஒருமுறைதான் நுழையலாம். ஹாங்காங் சீனாவின் பகுதிதானே என்று நினைக்காதீர்கள். விசா கணக்கில் அது வெளிநாடு மாதிரிதான். குவாங்சோவிலிருந்து ஹாங்காங் போன நிமிடமே உங்கள் ஒரே நுழைவு முடிந்துவிட்டது. புது விசா இல்லாமல் கண்காட்சிக்குத் திரும்ப முடியாது. பெட்டி குவாங்சோ ஓட்டலில், நீங்கள் ஹாங்காங்கில். மக்காவ் போனாலும் இதே கதி. ஷென்சென் போகலாம், அது சீனப் பெருநிலத்தில் இருக்கிறது. போகும்போதோ, எல்லாம் முடித்து ஊர் திரும்பும்போதோ ஹாங்காங்கில் இறங்கினால் பாதிப்பு இல்லை. நடுவில் போய்த் திரும்புவதுதான் சிக்கல். கட்டாயம் போக வேண்டுமென்றால் விண்ணப்பிக்கும்போதே இரண்டு நுழைவு விசா கேளுங்கள். இல்லாவிட்டால் உறவினரைக் கடைசி நாளில் பாருங்கள்.

அப்படிக் கடைசியில் போனாலும் இன்னொரு வேலை உண்டு. 2017 ஜனவரியிலிருந்து இந்தியப் பாஸ்போர்ட்காரர்கள் ஹாங்காங்குக்குள் நுழைய, பி.ஏ.ஆர். என்ற ஆன்லைன் பதிவை முன்கூட்டியே முடித்திருக்க வேண்டும். ஒரு முறைக்கு 14 நாள் வரை தங்கலாம். இந்தப் பதிவுக்குக் கட்டணமே கிடையாது. 'ஹாங்காங் விசா சார்ஜ்' என்று பில்லில் ஒரு தொகையைச் சேர்க்கிற ஏஜென்டை வாசலோடு அனுப்பிவிடுங்கள். பதிவில் உள்ள விவரம் பாஸ்போர்ட்டோடு அப்படியே பொருந்த வேண்டும். தமிழர்கள் பலருக்குப் பாஸ்போர்ட்டில் சர்நேம் இடம் காலியாக இருக்கும். ஏஜென்ட் அவசரத்தில் அப்பா பெயரை எடுத்து அங்கே போட்டுவிடுவார்; அந்தப் பதிவு செல்லாது. நீங்களே பக்கத்தில் உட்கார்ந்து பாஸ்போர்ட்டைப் பார்த்து நிரப்புங்கள். ஒரு நாள் உறவினரைப் பார்க்கப் போகிற வியாபாரியை இவ்வளவு காகிதம் கேட்பது எனக்கு எரிச்சல்தான். ஆனால் கவுண்டரில் நின்று அதைச் சொல்லிப் பயனில்லை.

இரவில் இறங்குவது. பையுனிலிருந்து மெட்ரோ மூன்றாம் லைன் இருக்கிறது. கெசுன் நிலையத்தில் எட்டாம் லைனுக்கு மாறினால் பாஜோ. செலவும் சொற்பம். ஆனால் கடைசி ரயில் இரவு 11 மணி வாக்கில் போய்விடும், மறுபடி காலை 6 மணிக்குத்தான். உலகமே வந்து இறங்கும் கண்காட்சி நாட்களிலாவது விடிய விடிய ஓட்டக்கூடாதா என்று கேட்கத் தோன்றுகிறது. முடிந்தால் பகலில் இறங்கும் விமானமாகவே எடுங்கள்.

இல்லையென்றால் டாக்சிதான். வருகைக் கூடத்திலேயே கழுத்தில் அடையாள அட்டை தொங்க "டாக்சி, டாக்சி" என்று ஒருவர் வருவார். அவரோடு போகாதீர்கள். மீட்டர் கட்டணத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு கேட்பார்கள். இறங்கும்போது நீங்கள் கொடுத்த 100 யுவான் நோட்டை வாங்கிப் பார்த்து, "இது கள்ள நோட்டு" என்று வேறொன்றைத் திருப்பி நீட்டுவார்கள். உங்கள் நல்ல நோட்டு அவர் மடியில், அவருடைய கள்ள நோட்டு உங்கள் கையில். வெளியே போலீஸ் நிற்கும் வரிசையில் போய் மீட்டர் டாக்சி ஏறுங்கள். பாஜோவுக்கு 40 கிலோமீட்டருக்கு மேல். சுமார் 150 யுவான் ஆகும். ஓட்டல் பெயரையும் முகவரியையும் சீன எழுத்தில் பெரிதாக அச்சடித்துக் கையில் வைத்திருங்கள், ஓட்டுநர்கள் பெரும்பாலும் ஆங்கிலம் படிப்பதில்லை.

சீனாவில் பணம் கட்டப் பயன்படும் அலிபே செயலி இருந்தால் அதற்குள்ளேயே டிடி என்ற வாடகைக் கார் கூப்பிடலாம், திரை ஆங்கிலத்தில் வரும், வண்டி எண்ணைச் சரிபார்த்து ஏறலாம். ஆனால் செயலியை இங்கேயே போட்டு, பாஸ்போர்ட்டைக் காட்டி, விசா அல்லது மாஸ்டர்கார்டு அட்டையை இணைத்துவிடுங்கள். இந்திய வங்கி அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாடு முதலில் அணைத்தே இருக்கும், வங்கிச் செயலியில் நீங்கள்தான் திறந்துவிட வேண்டும். ஓடிபி உங்கள் கோவை நம்பருக்குத்தான் வரும், அங்கே ரோமிங் இல்லாமல் அது வராது. 200 யுவானுக்கு மேற்பட்ட ஒவ்வொரு செலவுக்கும் அலிபே 3 சதவீதம் பிடிக்கும், 150 யுவான் டாக்சிக்கு அது பொருந்தாது. அண்ணன் மகன் போனிலும் இதையெல்லாம் தனியாகச் செய்து வைத்துவிடுங்கள். கண்காட்சிக் கூட்டத்தில் இரண்டு பேரும் ஒரே போனை நம்பி நிற்க முடியாது.