எந்த ஆண்டில் எழுதப்பட்டது என்று பாருங்கள்: முதலீட்டுச் செவ்வியல் நூல்கள் குறித்த கேள்வி-பதில்

முதலீடு பற்றிய பழம்பெரும் நூல்களை வாசிக்கத் தொடங்கிய பலர் அனுப்பிய கேள்விகளில் எட்டினை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஏறத்தாழ எல்லாக் கேள்விகளுக்கும் அடியில் ஒரே சிக்கல் இருப்பதைக் காண்கிறேன். நூலின் பெயரையும் ஆசிரியரின் புகழையும் அறிந்திருக்கிறோம். அந்த நூல் எந்த ஆண்டில், எந்தச் சந்தையைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு எழுதப்பட்டது என்பதைக் கவனிப்பதில்லை.

கேள்வி: பெஞ்சமின் கிரகாமின் 'செக்யூரிட்டி அனாலிசிஸ்' நூலை ஆர்வத்துடன் வாங்கினேன். நூறு பக்கங்களைத் தாண்ட முடியவில்லை. பழைய ரயில்வே நிறுவனங்களின் கடன் பத்திரங்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறது. இதை முடித்த பிறகுதான் மற்றவற்றைத் தொட வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. இப்போதைக்கு மூடி வையுங்கள். ஆனால் யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கிரகாம் நடத்திய வகுப்புகளிலிருந்து உருவாகி, டேவிட் டாட் என்பவருடன் இணைந்து 1934இல் அவர் வெளியிட்ட பாடநூல் அது. அமெரிக்காவின் டவ் ஜோன்ஸ் குறியீடு 1929 செப்டம்பரில் 381 புள்ளிகளைத் தொட்டு, 1932 ஜூலையில் 41 புள்ளிகளுக்குச் சரிந்திருந்தது. கிரகாமும் அந்தச் சரிவில் கடுமையாக இழந்தவர். பங்கு என்ற சொல்லையே சூதாட்டத்தோடு சேர்த்து மக்கள் உச்சரித்த அந்தக் காலத்தில், மதிப்பீடு என்பது சாத்தியமான ஒன்று என்று நிறுவ வேண்டியிருந்ததால், அவர் கடன் பத்திரங்களிலிருந்து தொடங்கிப் படிப்படியாகப் பங்குகளுக்கு வருகிறார். உங்களைச் சோர்வடையச் செய்த பக்கங்களுக்கு அதுதான் காரணம்.

பொதுமக்களுக்காக அவர் எழுதியது 1949இல் வெளிவந்த 'தி இன்டெலிஜென்ட் இன்வெஸ்டர்'. அதையும் முதல் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பதில்லை. எட்டாம் அத்தியாயத்தையும் இருபதாம் அத்தியாயத்தையும் முதலில் வாசியுங்கள். எட்டாம் அத்தியாயத்தில் சந்தையை ஒரு கூட்டாளியாக உருவகிக்கிறார்: நாள்தோறும் வந்து உங்கள் பங்குக்கு ஒரு விலை சொல்வார், சில நாள் களிப்பில், சில நாள் அச்சத்தில், அவரிடம் விற்பதும் வாங்குவதும் பேசாமல் அனுப்பிவிடுவதும் உங்கள் விருப்பம். இருபதாம் அத்தியாயம் 'மார்ஜின் ஆஃப் சேஃப்டி' பற்றியது, அதாவது நாம் கணித்த மதிப்புக்கும் கொடுக்கும் விலைக்கும் இடையே, நம் கணிப்பு தவறினாலும் நம்மைக் காக்கும் அளவுக்கு இடைவெளி விட்டு வாங்குவது. கிரகாம் தம் கையால் கடைசியாகத் திருத்திய பதிப்பு 1973இல் வந்தது. அந்தப் பாடத்தையே வைத்துக்கொண்டு, அத்தியாயம்தோறும் ஜேசன் ஸ்வைக் எழுதிய விளக்கவுரையைச் சேர்த்து 2003இல் வெளியான பதிப்பை நான் பரிந்துரைப்பேன். 2000ஆம் ஆண்டையொட்டிச் சரிந்த இணைய நிறுவனப் பங்குகளை வைத்து அவர் கிரகாமைச் சோதித்துப் பார்க்கிறார்.

கேள்வி: பங்கின் விலை, ஒரு பங்குக்குக் கிடைக்கும் ஆண்டு லாபத்தைப் போல 15 மடங்குக்கு மேல் இருக்கக் கூடாது, புத்தக மதிப்பைப் போல (நிறுவனத்தின் சொத்திலிருந்து கடன்களைக் கழித்தால் ஒரு பங்குக்கு வருவது) ஒன்றரை மடங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற கிரகாமின் விதிகளை வைத்து நிறுவனங்களை வடிகட்டினேன். நல்லவை என்று நான் நம்பும் நிறுவனங்கள் ஒன்றுகூடத் தேறவில்லை. விதி காலாவதியாகிவிட்டதா?

பதில்: விதியை நீங்கள் பாதிதான் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். ஒன்று சற்றுக் கூடுதலாக இருந்தால் மற்றொன்று குறைவாக இருக்கலாம், இரண்டையும் பெருக்கினால் 22.5ஐத் தாண்டக் கூடாது என்பதே கிரகாம் சொன்னது. அதையும் எல்லோருக்குமாகச் சொல்லவில்லை. பங்குகளை ஆராய நேரமோ விருப்பமோ இல்லாத தற்காப்பு முதலீட்டாளருக்காகவே சொன்னார்.

ஆனால் உங்கள் கேள்வியின் ஆழமான பகுதி வேறு. கிரகாம் கண்ட நிறுவனங்களின் செல்வம் பெரும்பாலும் ஆலைகளிலும் இயந்திரங்களிலும் சரக்கு இருப்பிலும் இருந்தது. அவை இருப்புநிலைக் குறிப்பில், அதாவது சொத்தையும் கடனையும் காட்டும் அறிக்கையில், சொத்தாகப் பதிவாகும். மென்பொருளையோ மருந்து ஆராய்ச்சியையோ வணிகப் பெயரையோ நம்பி நடக்கும் நிறுவனம் அவற்றுக்காகச் செலவிடும் பணத்தில் பெரும்பகுதி, அந்த ஆண்டின் செலவாகவே கணக்கில் கழிந்துவிடுகிறது. ஆகவே அத்தகைய நிறுவனத்தின் புத்தக மதிப்பு அதன் உண்மையான வலிமையைக் காட்டாது. ஒன்றரை மடங்கு என்ற எண் பொருளிழப்பது இங்கேதான். மதிப்பைவிடக் குறைந்த விலைக்கு வாங்கு என்ற கோட்பாட்டுக்கு இதனால் ஒரு குறையும் வரவில்லை.

இன்னொன்றையும் சொல்லத் தோன்றுகிறது. கிரகாமின் நிறுவனம் 1948இல் கெய்கோ என்ற காப்பீட்டு நிறுவனத்தில் பாதிப் பங்கை வாங்கியது. அந்த ஒரே முதலீட்டில் கிடைத்த லாபம், இருபது ஆண்டுகளாகத் தமது வழக்கமான முறைகளில் செய்த மற்ற முதலீடுகள் அனைத்தின் லாபத்தையும் விஞ்சிவிட்டது என்பதை, அதே நூலின் பின்னுரையில் அவரே பதிவு செய்திருக்கிறார். எண்களை வேதமாக்கிக்கொள்ளும் வாசகர்கள் அந்தப் பின்னுரையைத் தவறவிடாமல் வாசிக்க வேண்டும் என்று மனமாரக் கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: கிரகாம் மலிவாக வாங்கச் சொல்கிறார், பிலிப் ஃபிஷர் சிறந்த நிறுவனத்தைக் கண்டுபிடித்து விடாமல் வைத்திருக்கச் சொல்கிறார். யாரைப் பின்பற்றுவது?

பதில்: இருவரும் வெவ்வேறு கேள்விகளுக்கு விடை தேடியவர்கள். சரிவில் அடிபட்ட கிரகாமுக்கு, இழக்காமல் இருப்பது எப்படி என்பது முதற்கேள்வி. கலிஃபோர்னியாவில் வளர்ந்துவந்த தொழில்நுட்ப நிறுவனங்களை அருகிலிருந்து கண்ட ஃபிஷருக்கு, பல ஆண்டுகள் தொடர்ந்து வளரக்கூடிய நிறுவனத்தை எப்படி அடையாளம் காண்பது என்பது முதற்கேள்வி. 1958இல் வந்த 'காமன் ஸ்டாக்ஸ் அண்ட் அன்காமன் ப்ராஃபிட்ஸ்' நூலில் அவர் தரும் 15 சோதனைகளில் கடைசியானது நிர்வாகத்தின் நேர்மை. மற்ற பதினான்கிலும் தேறி இதில் ஐயம் எழுந்தால்கூட விலகிவிட வேண்டும் என்பது அவர் கருத்து. போட்டியாளர்களிடமும் வாடிக்கையாளர்களிடமும் மூலப்பொருள் தருபவர்களிடமும் பேசிச் செய்தி திரட்டும் அவரது முறை இன்றும் பயன்படும். வெளியிடப்படாத உள் தகவலை வைத்து வாங்குவதும் விற்பதும் குற்றம் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள். தனிமனிதராக முதலீடு செய்பவர் முதலில் கிரகாமிடம் இழக்காமல் இருக்கக் கற்றுக்கொண்டு பிறகு ஃபிஷரிடம் செல்வது நல்லது என்பது என் எண்ணம். வரிசையை மாற்றினால், நல்ல நிறுவனத்துக்கு எந்த விலையும் தரலாம் என்ற நினைப்பு வந்துவிடுகிறது.

கேள்வி: தெரிந்ததை வாங்கு என்று பீட்டர் லிஞ்ச் சொன்னபடி, நான் அன்றாடம் பயன்படுத்தும் ஒரு பொருளைத் தயாரிக்கும் நிறுவனத்தின் பங்கை வாங்கினேன். பொருள் நன்றாக விற்கிறது. பங்கு விலை பாதியாகிவிட்டது.

பதில்: லிஞ்ச் 1977 முதல் 1990 வரை மெகல்லன் ஃபண்ட் என்ற பரஸ்பர நிதியை நடத்தி, ஆண்டுக்குச் சராசரியாக 29 சதவீதத்துக்கு மேல் ஈட்டியவர். 1989இல் வந்த அவருடைய 'ஒன் அப் ஆன் வால் ஸ்ட்ரீட்' நூலில் பலர் நினைவில் வைத்திருப்பது அந்த ஒரு வரியை மட்டுமே. கடை பிடித்திருக்கிறது என்பதற்காக அதன் பங்கை வாங்கச் சொல்லவில்லை என்று பிற்காலப் பதிப்பின் முன்னுரையில் அவரே விளக்க வேண்டியதாயிற்று. பழகிய பொருள், ஆராய்ச்சியைத் தொடங்குவதற்கான காரணம். வாங்குவதற்கான காரணம் ஆகாது. அந்தப் பொருள் நிறுவனத்தின் மொத்த விற்பனையில் எத்தனை சதவீதம், கடன் எவ்வளவு, விலை ஏற்கெனவே எவ்வளவு வளர்ச்சியைக் கணக்கில் எடுத்துக்கொண்டிருக்கிறது என்பவை அதற்கடுத்த கேள்விகள். மெதுவாக வளர்வது, உறுதியான பெருநிறுவனம், வேகமாக வளர்வது, சுழற்சித் தொழில் (பொருளாதாரத்தின் ஏற்றத்தாழ்வோடு சேர்ந்து ஏறி இறங்குவது), சொத்து வளம் மிக்கது, நலிவிலிருந்து மீள்வது என அவர் பிரிக்கும் ஆறு வகைகளில் உங்கள் நிறுவனம் எதில் சேரும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். சுழற்சித் தொழில் நிறுவனம் என்றால், விற்பனை உச்சத்தில் இருக்கும்போதே விலை சரியத் தொடங்குவது அதன் இயல்பு.

கேள்வி: இண்டெக்ஸ் ஃபண்டே போதும் என்கிறார்கள். அப்படியென்றால் இந்த நூல்களையெல்லாம் ஏன் வாசிக்க வேண்டும்?

பதில்: பெரும்பாலானோருக்கு இண்டெக்ஸ் ஃபண்ட் போதும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. பர்ட்டன் மால்கியல் 1973இல் 'எ ராண்டம் வாக் டவுன் வால் ஸ்ட்ரீட்' நூலில், சந்தைக் குறியீட்டில் உள்ள பங்குகளை அப்படியே வாங்கி வைத்திருக்கும் குறைந்த கட்டண ஃபண்ட் ஒன்று வேண்டும் என்று எழுதியபோது, பொதுமக்கள் வாங்கக்கூடிய அத்தகைய ஃபண்ட் இல்லை. ஜான் போகிள் 1976இல் அதைத் தொடங்கினார். 15 கோடி டாலர் திரட்ட எண்ணி, ஏறத்தாழ 1.1 கோடி டாலர்தான் கிடைத்தது. அவரது வாதம் எளிய கணக்கு: எல்லா முதலீட்டாளர்களும் சேர்ந்ததுதான் சந்தை என்பதால், செலவுக்கு முன் அவர்களின் சராசரி வருமானம் சந்தையின் வருமானமே, செலவைக் கழித்தால் சராசரி முதலீட்டாளர் அந்தச் செலவின் அளவுக்குச் சந்தைக்குப் பின்தங்கியே ஆக வேண்டும்.

இருந்தும் வாசிக்கச் சொல்வதற்குக் காரணம், இண்டெக்ஸ் ஃபண்ட் வைத்திருப்பவரும் சந்தை பாதியாகக் குறையும் நாளில் விற்றுவிட்டு ஓடாமல் இருக்க வேண்டும் என்பதே. அந்த நாளுக்காக முன்கூட்டியே வாசித்துவைக்க வேண்டியது கிரகாமின் எட்டாம் அத்தியாயம். விலைகள் கிடைக்கும் தகவல்களை எல்லாம் உள்வாங்கிக்கொள்கின்றன என்ற யூஜின் ஃபாமாவும், மனப்போக்கு விலைகளை நெடுந்தொலைவு இழுத்துச் சென்றுவிடும் என்ற ராபர்ட் ஷில்லரும் 2013ஆம் ஆண்டுப் பொருளியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். அந்த வழக்கு இன்னும் முடியவில்லை.

கேள்வி: எனக்கு இருபத்து மூன்று வயது. பங்குச் சந்தை ஊக வணிகர் ஜெஸ்ஸி லிவர்மோரின் கதையைச் சொல்லும் 'ரெமினிசென்சஸ் ஆஃப் எ ஸ்டாக் ஆபரேட்டர்' என்னை உலுக்கிவிட்டது. வேலையை விட்டுவிட்டு முழுநேர ட்ரேடிங்கில் இறங்க நினைக்கிறேன்.

பதில்: தம்பி, முதலில் அந்த நூல் வெளிவந்த ஆண்டைப் பாருங்கள்: 1923. எட்வின் லெஃபெவர் என்ற பத்திரிகையாளர் எழுதிய அந்தக் கதை, லிவர்மோரின் வாழ்க்கையின் நடுவில் முடிந்துவிடுகிறது. 1929 சரிவின்போது கையில் இல்லாத பங்குகளைக் கடனாகப் பெற்று விற்று, விலை சரிந்த பிறகு திரும்ப வாங்கி, அவர் பெருஞ்செல்வம் ஈட்டியதும் அதில் இல்லை. ஐந்தே ஆண்டுகளில், 1934இல், திவாலானதும் இல்லை. 1940இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டதும் இல்லை. நூலை மூடிய பிறகும் தொடரும் அந்தப் பதினேழு ஆண்டுகளையும் சேர்த்துப் பார்த்த பிறகு முடிவெடுங்கள்.

நூலுக்குள்ளேயே இருக்கும் எச்சரிக்கைகளையும் கவனியுங்கள். சிறுவனாக அவர் வென்றது 'பக்கெட் ஷாப்' எனப்பட்ட இடங்களில். அங்கே பங்கு எதுவும் உண்மையில் வாங்கப்படுவதில்லை, விலைப்பலகையில் ஓடும் எண்ணின் மீது கடைக்காரருக்கு எதிராகக் கட்டும் பந்தயம்தான் அது. அதே கணிப்பை உண்மையான சந்தைக்குக் கொண்டுபோனபோது, அவர் ஆணையிட்ட விலைக்கும் நிறைவேறிய விலைக்கும் இடையே வந்த வேறுபாடு அவரை மொட்டையடித்தது. பிற்காலத்தில், லாபம் காட்டிய கோதுமையை விற்றுவிட்டு, நட்டம் காட்டிய பருத்தியை ஒருவரின் பேச்சைக் கேட்டு மேலும் மேலும் வாங்கி, ஈட்டியதையெல்லாம் இழந்தார். அப்படிச் செய்யக் கூடாது என்ற விதியை அதற்கு முன்பே அறிந்தவர் அவர். அவர் வணிகம் செய்தது பெரும்பாலும் கடன் வாங்கிய பணத்தில், அது தவறைத் திருத்திக்கொள்ள அவகாசம் தருவதில்லை; அறிந்த விதியை மீற ஒரு முறை போதுமாக இருந்தது.

இந்த நூலை நான் மூன்று முறை வாசித்திருக்கிறேன், மனித மனத்தைப் பற்றி இவ்வளவு உண்மையாகப் பேசும் சந்தை நூல்கள் குறைவு என்றும் நம்புகிறேன். ஆனால் வேலையை விடாதீர்கள். மாதச் சம்பளம் வந்துகொண்டிருக்கும்போது சிறு தொகையில், கடன் இல்லாமல் செய்து பாருங்கள். ஒவ்வொரு வாங்கலுக்கும் விற்றலுக்கும் முன்பாகக் காரணத்தை எழுதிவையுங்கள். கட்டணத்தையும் வரியையும் கழித்துவிட்டு இரண்டு ஆண்டு கழித்துக் கூட்டிப் பாருங்கள்.

கேள்வி: விலைகள் மதிப்பை விட்டு வெகுவாக உயர்ந்து பிறகு சரியும் சந்தைக் குமிழிகளைப் பற்றிச் சார்லஸ் மெக்கே எழுதியது வரலாறா, கதையா?

பதில்: இரண்டும் கலந்தது. 1841இல் வந்த அவரது நூல், 1637இல் ஹாலந்தில் துலிப் கிழங்குகளின் விலை சரிந்து நாடே நிலைகுலைந்தது போலச் சித்திரிக்கிறது. வரலாற்றாசிரியர் ஆன் கோல்ட்கர் ஆவணக் காப்பகங்களில் தேடி 2007இல் எழுதிய நூல், வர்த்தகத்தில் ஈடுபட்டோர் ஒரு சிறு வட்டத்தினர் என்றும், பேரழிவுக் கதைகள் பல அக்காலக் கேலித் துண்டறிக்கைகளிலிருந்து வந்தவை என்றும் காட்டியது. பின்னர் 1840களின் ரயில்வே பங்கு மோகம் பிரிட்டனைப் பிடித்தபோது, பத்திரிகை ஆசிரியராக இருந்த மெக்கே அதைக் குமிழி என அடையாளம் காணவில்லை.

குமிழி எப்படி உருவாகிறது என்று புரிந்துகொள்ள, மெக்கேவைவிட எட்கர் லாரன்ஸ் ஸ்மித் 1924இல் எழுதிய சிறு நூல் உதவும். நீண்ட காலத்தில் பங்குகள் கடன் பத்திரங்களைவிட அதிகம் தந்துள்ளன என்று அவர் கண்டது சரியான ஆய்வு. நிறுவனங்கள் லாபத்தின் ஒரு பகுதியை மறுபடி தொழிலில் போடுவதே காரணம் என்று அவர் சொன்னதும் சரி. ஆனால் அந்த முடிவு, பங்குகள் மலிவாக விற்ற காலத்தின் விலைகளிலிருந்து பிறந்தது. அதைப் படித்தவர்கள் விலையைப் பாராமல் வாங்கத் தொடங்கியதும், அந்த முடிவு நின்றிருந்த அடித்தளம் நழுவிவிட்டது. 1929இல் வாங்கியவர்கள் டவ் ஜோன்ஸ் குறியீடு அதே உயரத்துக்குத் திரும்ப 1954 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கேள்வி: கணக்கியல் தெரியாமல் இவற்றை வாசிக்க முடியுமா?

பதில்: மால்கியல், லிஞ்ச், லெஃபெவர் ஆகியோரை வாசிக்கலாம், கிரகாமை முழுமையாக வாசிக்க முடியாது. ஸ்பென்சர் மெரடித்துடன் சேர்ந்து கிரகாம் 1937இல் நிதி அறிக்கைகளைப் படிக்கக் கற்றுத்தரும் ஒரு சிறு நூலை எழுதியிருக்கிறார். அதன் கலைச்சொற்கள் சில பழையவை, அணுகுமுறை தெளிவானது. உங்களுக்குப் பழக்கமான ஒரு நிறுவனத்தின் கடந்த பத்து ஆண்டுகளின் ஆண்டறிக்கைகளை எடுத்துக்கொண்டு, லாப நட்டக் கணக்கு, இருப்புநிலைக் குறிப்பு, பணப்புழக்க அறிக்கை ஆகிய மூன்றையும் ஆண்டுவாரியாக ஒரு தாளில் உங்கள் கையால் எழுதுங்கள். லாபம் ஏறிக்கொண்டே போகும்போது தொழிலிலிருந்து வரும் பணம் ஏறாமல் நிற்கும் ஆண்டு எங்கேனும் தென்பட்டால், அங்கே நிறுத்தி, அந்த ஆண்டு அறிக்கையின் குறிப்புகளை வாசியுங்கள்.