தாத்தாவின் பெட்டியில் இருந்த ஆயிரம்

அன்புள்ள ஐயா,

தாத்தாவின் இரும்புப் பெட்டியில், வீட்டுப் பத்திரங்களுக்கு நடுவே, தஞ்சைப் பெரிய கோயில் படம் போட்ட ஆயிரம் ரூபாய் நோட்டு ஒன்று கிடைத்தது. லட்சக்கணக்கில் போகும் என்கிறார்கள் யூடியூபில். உண்மையா? லேமினேட் செய்து வைக்கலாமா? 2016-இல் செல்லாமல் போன ஐந்நூறு ரூபாய் நோட்டுகள் நாற்பதும் என்னிடம் உள்ளன.

சரவணன், மன்னார்குடி

அன்புள்ள சரவணன்,

லேமினேட் செய்தால் உங்களோடு பேசவே மாட்டேன். இஸ்திரி போடுவதும் செலோடேப் ஒட்டுவதும் அதே பாவம்தான். யூடியூப் விலையை விடுங்கள். பழைய நோட்டு விற்றுத் தருகிறோம் என்று தன் பெயரைச் சொல்லிக் கமிஷன் கேட்பவர்களைப் பற்றி ரிசர்வ் வங்கியே 2021-இல் எச்சரித்திருக்கிறது.

எனக்கு வேறொன்று உறுத்துகிறது. அந்த நோட்டு ஏன் அங்கேயே இருந்தது?

1954-இல் ஐயாயிரம், பத்தாயிரம் நோட்டுகளோடு வந்தது அது. 1978 ஜனவரி 16 அன்று மொரார்ஜி தேசாய் அரசு மூன்றையும் செல்லாது என்று அறிவித்தது. மாற்றிக்கொள்ள மூன்றே நாள் கெடு. மாற்றப் போனவர், பணம் எப்படி வந்தது என்று படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். என் தாய்மாமா அப்போது வங்கியில் காசாளர். படிவத்தை வாங்கிப் படித்துவிட்டு, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனவர்களில் சிலர் திரும்பவே இல்லை என்பார்.

1946-லும் இதே கதைதான். அப்போது செல்லாமல் போனவை ஏறத்தாழ 144 கோடி ரூபாய். அதில் 135 கோடி அளவுக்குத் திரும்பிவிட்டது. மிச்சத்தின் சொந்தக்காரர்கள் நஷ்டத்தைத் தாங்கத் தயாராக இருந்தார்கள், கணக்குச் சொல்லத்தான் தயாராக இல்லை. இன்று ஏலத்தில் அரிய நோட்டு என்று கண்ணாடிக்குள் வைத்துக் காட்டுகிறார்களே, அந்த அரிய தன்மையில் பாதி இந்தப் பயம் தந்தது என்பது என் கட்சி. சேகரிப்பாளர்கள் கோபித்துக்கொள்ளட்டும். மூலை மடங்கியிருக்கிறதா, எந்த கவர்னரின் கையெழுத்து என்றெல்லாம் பார்ப்பார்கள். எந்த வீட்டிலிருந்து வந்தது என்று மட்டும் கேட்கமாட்டார்கள்.

உங்கள் தாத்தாவைக் குற்றம் சொல்லவில்லை, தம்பி. கடனுக்கு ஈடாக யாரோ கொடுத்ததாக இருக்கலாம். மறந்தும் போயிருக்கலாம். சாதாரணக் குடும்பங்கள் கண்ணால்கூடப் பார்க்காத நோட்டு அது; மறப்பது கஷ்டம்தான். விற்கும் முன் பாட்டியையோ அப்பாவையோ கேளுங்கள்.

அப்புறம் அந்த நாற்பது. 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி சேகரிப்புக்கென்றாலும் 25-க்கு மேல் வைத்திருக்கக் கூடாது. அபராதம் பத்தாயிரம் ரூபாய் அல்லது நோட்டுகளின் மதிப்பைப்போல் ஐந்து மடங்கு, இரண்டில் எது அதிகமோ அதுவரை போகலாம், அதுவும் செல்லுகிற நோட்டாக. இதைப் பெருமையாக எனக்கு எழுதி வேறு அனுப்புகிறீர்கள்!