கோஸ் இலையில் படலம்: மருந்தா, தண்ணீரா?

கேள்வி: நீலகிரியில் கேத்தி பக்கம் அரை ஏக்கரில் நீர்போகத்துக்கு (பாசனத்தை நம்பிப் போடும் போகம்) முட்டைக்கோஸ் போட்டிருக்கிறேன். நட்டு ஒன்றரை மாதம் ஆகிறது. தண்ணீருக்குக் குறையில்லை, தினம் சாயங்காலம் ஸ்பிரிங்க்ளர் ஓடுகிறது. ஆனால் இலை ஓரத்தில் மஞ்சள் பிடித்து நடு நரம்பை நோக்கிக் கூம்பாக இறங்குகிறது, நரம்புகள் கறுத்துவிட்டன. ஸ்ட்ரெப்டோமைசின் பவுடரும் காப்பர் மருந்தும் மாற்றி மாற்றி அடித்தும் நிற்கவில்லை. பாக்டீரியா இலைமேல் புரதத்தால் படலம் கட்டி உள்ளே ஒளிந்திருக்கிறது, அந்தப் புரதத்தைக் கரைக்கும் என்சைம் திரவத்தை முதலில் அடிக்க வேண்டும் என்கிறார் மருந்துக் கடைக்காரர். வாங்கலாமா ஐயா? ஏற்கெனவே வட்டிக்கு வாங்கித்தான் செலவு செய்திருக்கிறேன்.

பதில்: வாங்க வேண்டாம்.

உங்களுக்கு வந்திருப்பது கருப்பு அழுகல். சாந்தோமோனாஸ் என்ற பாக்டீரியா. அது படலம் கட்டுவது உண்மை, படலத்துக்குள் இருக்கும்போது மருந்து சரியாக எட்டாது என்பதும் உண்மை. ஆனால் இந்தப் படலத்தில் பெரும்பகுதி புரதம் இல்லை, சாந்தன் என்ற சர்க்கரைப் பிசின். ஐஸ்கிரீமும் சாஸும் கெட்டியாக இருக்கச் சேர்க்கிறார்களே, அதே சாந்தன்தான். தொழிற்சாலையிலும் இதே பாக்டீரியாவை வளர்த்துத்தான் எடுக்கிறார்கள். புரதத்தின் வேலை வேறு. பாக்டீரியாவின் மேல்தோலில் மெல்லிய மயிர்போல நீண்டிருக்கும் புரதங்கள் இலையைப் பிடித்துக்கொள்ளவும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளவும் உதவுகின்றன. அவற்றைக் கரைக்கிற திரவம் பிசினை ஒன்றும் செய்யாது.

இன்னொன்றையும் கடைக்காரர் சொல்லியிருக்க மாட்டார். கூட்டம் பெருத்ததும் இந்தப் பாக்டீரியாக்கள் தங்களுக்குள் ஒரு ரசாயன சமிக்ஞை விட்டு, என்சைம் சுரந்து, தங்கள் கூட்டைத் தாங்களே கலைத்துக்கொள்கின்றன. அடுத்த இடத்துக்குப் பரவத்தான். பிசினையே கரைக்கும் திரவம் கிடைத்து, காசு கொடுத்து நீங்களும் அதையே செய்தால் அவற்றுக்கு வழியனுப்பு விழா நடத்தியதாக ஆகும். அதோடு, நரம்பு கறுத்துவிட்டது என்றால் பாக்டீரியா இலைமேல் மட்டும் இல்லை, இலைக்குள் நீர் ஓடும் நுண்குழாய்களுக்குள்ளும் இறங்கிவிட்டது. இனி மேலே எதைக் கரைத்து என்ன? அந்த ஸ்ட்ரெப்டோமைசினையும் விடுங்கள், அது மனிதருக்குக் காசநோய்க்குக் கொடுக்கும் மருந்து, வயலில் வீணாக அடித்தால் கிருமிகள் அதற்குப் பழகிவிடும்.

எனக்கு உங்கள் கடிதத்தில் உறுத்தியது அந்தச் சாயங்கால ஸ்பிரிங்க்ளர்தான். மலையில் பாதிப் பேர் இப்படித்தான் ஓட்டுகிறார்கள், பிறகு மருந்துக் கடையில் போய் நிற்கிறார்கள். குளிர்ந்த ஈர இரவில் வேர் தள்ளும் தண்ணீர் இலை ஓரத்துத் துளைகள் வழியாகச் சொட்டாக வெளியே நிற்கும், விடிகாலையில் நீங்களே பார்த்திருப்பீர்கள். வெயில் ஏறியதும் அந்தச் சொட்டில் கொஞ்சம் திரும்ப உள்ளே இழுபடும், பாக்டீரியாவும் கூடவே போகும். நோய் பெரும்பாலும் ஓரத்தில் தொடங்குவது இதனால்தான். சாயங்காலம் தண்ணீர் தெளித்து, இரவு பனி இறங்கி, மறுநாள் மூடுபனியும் விலகாவிட்டால், இலை பதினைந்து மணி நேரம்கூட ஈரமாகவே கிடக்கும். படலம் கட்ட அது போதும். தெறிக்கும் துளி பக்கத்துச் செடிக்கும் கொண்டுபோகும். ஆகவே வெயில் ஏறிய பிறகு ஓட்டுங்கள், மதியத்துக்குள் நிறுத்துங்கள். சொட்டுநீர் போட முடிந்தால் இன்னும் நல்லது. உறைபனியிலிருந்து பயிரைக் காக்க விடிகாலையில் ஓட்டுவது வேறு கதை, அதைத் தடுக்கவில்லை.

ஈரம் காயும்வரை வயலுக்குள் யாரும் இறங்கக் கூடாது. நோய் இலைகளை உலர்ந்த நேரத்தில் கிள்ளி எடுத்து எரியுங்கள், ஓடையிலோ எருக்குழியிலோ போடாதீர்கள். புது இலைகளைக் காக்க ஒரு முறை காப்பர் ஆக்சிகுளோரைடு அடிக்கலாம், அவ்வளவுதான். நோயை அடக்க நாம் தெளிக்கும் சூடோமோனாஸ், பேசில்லஸ் போன்ற நல்ல பாக்டீரியாக்களும் புரதத்தின் துணையோடு படலம் கட்டித்தான் வேலை செய்கின்றன. பேசில்லஸ் தன் படலத்தின்மேல் தண்ணீர் ஒட்டாத ஒரு புரத உறையே போட்டுக்கொள்ளும். அவற்றைக் காப்பரோடு ஒரே டேங்க்கில் கலக்கச் சொல்லும் கடைக்காரர் இரண்டுக்கும் காசு வாங்கிக்கொண்டு ஒன்றைக் கொல்கிறார்.

அடுத்த போகத்துக்கு அந்த இடத்தில் கேரட், உருளை, பூண்டு எதுவும் போடலாம். முள்ளங்கி, டர்னிப், காலிபிளவர் வேண்டாம், எல்லாம் கோஸ் குடும்பம். கடுகு இனக் களைகளையும் விடாதீர்கள். விதை வழியாகவும் இந்த நோய் வரும். பூச்சு போடாத விதையாக இருந்தால் 50 டிகிரி வெந்நீரில் 25 நிமிடம் வைத்து நிழலில் உலர்த்துங்கள். தெர்மாமீட்டர் கட்டாயம். ஊட்டி உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், சமவெளிக் கணக்கில் கொதிநீரும் பச்சைத்தண்ணீரும் கலந்தால் சூடு தப்பும். குழித்தட்டு நாற்று வாங்குகிறவரானால், விதை எங்கே வாங்கியது, நாற்றங்காலில் எப்போது தண்ணீர் தெளிக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு முன்பணம் கொடுங்கள்.

இப்போது நிற்கும் பயிரில் வெளி இலை மட்டும் கெட்டிருந்தால் தலை இறுகியதும் அறுத்து உடனே மண்டிக்கு அனுப்பிவிடுங்கள். விலை ஏறட்டும் என்று வைத்திருந்தால் உள்ளே அழுகும்.