லெவன் ப்ளஸ் தேர்வும் ஒத்த பொருள் சொற்களும்: பெற்றோர் கேள்விகளுக்குப் பதில்கள்

இங்கிலாந்தில் கிராமர் பள்ளிகள், அதாவது தேர்வு வைத்துப் பிள்ளைகளைச் சேர்க்கும் அரசுப் பள்ளிகள், மொத்தம் 163 இருக்கின்றன. அவற்றில் சேர, பிள்ளைகள் ஆறாம் வகுப்பு தொடங்கியதும் லெவன் ப்ளஸ் தேர்வு எழுத வேண்டும். பெரும்பாலான இடங்களில் அது செப்டம்பரில் நடக்கும். அதற்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவள் என்பதால் தமிழ்ப் பெற்றோர் பலர் என்னிடம் சந்தேகம் கேட்பார்கள். இந்த முறை வந்த கேள்விகள் எல்லாமே பண்புச் சொற்களைப் பற்றியவை, அதாவது அட்ஜெக்டிவ்களுக்கு ஒத்த பொருள் கண்டுபிடிப்பது.

ஹரோவிலிருந்து ஓர் அம்மா: அக்கா, மகன் இயர் ஃபைவ். சொற்பட்டியலை அப்படியே ஒப்பிக்கிறான். ஆனால் பயிற்சித்தாளில் தப்பு தப்பாகப் போடுகிறான். ஏன் இப்படி?

பட்டியலை எடுத்துப் பாருங்கள். ‘ஆங்ரி’க்கு நேரே ‘அனாய்ட்’, ‘க்ராஸ்’, ‘ஃபியூரியஸ்’, ‘லிவிட்’ எல்லாம் ஒரே வரியில் இருக்கும். பிள்ளை அத்தனையும் ஒன்றுதான் என்று எடுத்துக்கொள்கிறான். தேர்வில் கேட்பதோ மிக நெருங்கிய பொருள். ‘லிவிட்’டுக்குக் கீழே ‘அனாய்ட்’டும் இருக்கும், ‘ஃபியூரியஸ்’ஸும் இருக்கும். இரண்டுமே கோபம்தான். முதலாவது லேசான எரிச்சல், இரண்டாவது கொதித்துப்போன கோபம். இந்த அளவு தெரியாமல் வரியை மனப்பாடம் செய்தால் விடை எப்படி வரும்?

பட்டியலை மூடிவிட்டு, சொற்களைத் துண்டுச் சீட்டில் எழுதித் தரையில் பரப்புங்கள். மென்மையானதிலிருந்து கடுமையானது வரை அவனையே அடுக்கச் சொல்லுங்கள். ‘கூல்’, ‘சில்லி’, ‘ஃப்ரீஸிங்’ மாதிரி எளிய வரிசையில் தொடங்கலாம். எது முதலில் என்று அவன் உங்களோடு சண்டை போட வேண்டும். அந்தச் சண்டையில்தான் சொல் மனதில் உட்காரும்.

அடுத்தது தொனி. ‘ஸ்லெண்டர்’, ‘ஸ்கின்னி’, ‘ஸ்க்ரானி’ மூன்றுமே ஒல்லிதான். முதல் சொல் பாராட்டு, கடைசிச் சொல் இகழ்ச்சி. பார்த்துச் செலவு செய்பவரை மெச்சினால் ‘த்ரிஃப்டி’, திட்டினால் ‘மைசர்லி’. விடாப்பிடியாக இருப்பவர் நமக்குப் பிடித்தவரானால் ‘ரெசொல்யூட்’, பிடிக்காதவரானால் ‘ஆப்ஸ்டினேட்’. ஒவ்வொரு சொல்லுக்கும் ‘இதை உன்னைப் பார்த்துச் சொன்னால் சந்தோஷப்படுவாயா?’ என்று கேளுங்கள். பத்து வயதுப் பிள்ளை உடனே சரியாகச் சொல்லிவிடும்.

அப்புறம், எந்தச் சொல்லையும் தனியாக எழுத விடாதீர்கள். ‘டால்’ என்ற சொல் மனிதருக்கும் மரத்துக்கும் வரும். ‘ஹை’ மலைக்கு வரும், மனிதருக்கு வராது. எந்தச் சொல் எதோடு சேரும் என்பது சொற்றொடரில்தான் தெரியும்.

ஈஸ்ட் ஹாமிலிருந்து ஓர் அப்பா: டீச்சர், வீட்டில் நாங்கள் தமிழ்தான் கதைக்கிறோம். சோதனை முடியும்வரை ஆங்கிலம் மட்டும் கதைப்போம் என்று மனைவி சொல்கிறா. மகளுக்கு அது உதவுமா?

தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். தமிழை நிறுத்திவிட்டு நாம் பேசும் ஆங்கிலம் பெரும்பாலும் ‘குட்’, ‘பிக்’, ‘நைஸ்’ என்ற அளவில்தான் நிற்கும். அதனால் பிள்ளைக்குப் புதுச் சொல் ஒன்றும் கிடைக்காது. வெதுவெதுப்பு வேறு, சுடச்சுட இருப்பது வேறு என்று தமிழில் பிரித்துப் பழகிய பிள்ளையிடம் ‘லூக்வார்ம்’ என்றால் வெதுவெதுப்பு என்று சொன்னால் போதும், அடுத்த சொல்லுக்குப் போய்விடலாம். பிடிவாதம், வைராக்கியம் என்ற இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்த பிள்ளைக்கு மேலே சொன்ன ‘ஆப்ஸ்டினேட்’, ‘ரெசொல்யூட்’ பாடம் பாதி முடிந்த மாதிரி.

ஆங்கிலம் பள்ளிக்கூடத்தில் நாள் முழுக்கக் கிடைக்கிறது. மீதிக்குப் புத்தகம் இருக்கிறது. மகள் சத்தமாக வாசிக்கட்டும், நீங்கள் பக்கத்தில் இருந்து தமிழிலேயே கேள்வி கேளுங்கள். அம்மம்மாவோடு தமிழில் கதைப்பதை ஒரு தேர்வுக்காக வெட்டுவது எனக்குத் துளியும் சம்மதமில்லை.

சட்டனிலிருந்து ஓர் அம்மா: இந்தக் கேள்விகள் எந்த வடிவத்தில் வரும்?

இடத்துக்கு இடம் மாறும். கென்ட், பக்கிங்ஹாம்ஷயர் தேர்வுகளில் வெர்பல் ரீசனிங் உண்டு, சொல் சார்ந்த கேள்விகள் அதில் நேரடியாகவே வரும். உங்கள் சட்டன் தேர்வில் ஆங்கிலமும் கணக்கும்தான். அங்கே வாசிப்புப் பகுதிக்குள் ‘இந்த வரியில் இந்தச் சொல்லுக்கு நெருங்கிய பொருள் எது’ என்று கேட்பார்கள்.

பல இடங்களில் இந்தத் தேர்வுத் தாள்களைத் தயாரிப்பது ஜிஎல் என்ற நிறுவனம். அதன் தாள்களில் எனக்குப் பிடித்த வகை ஒன்று உண்டு. இரண்டு ஜோடிச் சொற்கள் தருவார்கள். ஒன்றில் ‘ஜஸ்ட்’, ‘ரீசனபிள்’. மற்றதில் ‘ப்ளாண்ட்’, ‘பேல்’. இரண்டுக்கும் பொருந்தும் ஒரே சொல் ‘ஃபேர்’, நியாயமும் அதுதான், வெளிர்நிறமும் அதுதான். பட்டியலை மட்டும் படித்த பிள்ளைகள் தடுமாறுவது இங்கேதான். இன்னொன்று, எதிர்ப்பொருள் கேட்கும் கேள்வியில் ஒத்த பொருளையும் விடைகளுக்குள் போட்டிருப்பார்கள். கேள்வியில் உள்ள ‘ஆப்போசிட்’ என்ற சொல்லை வட்டமிடப் பழக்குங்கள்.

ஸ்லவ்விலிருந்து ஓர் அப்பா: கடினமான சொற்களைச் சரியாகப் போடும் மகள், எளிய சொற்களில் கோட்டை விடுகிறாள்.

தெரிந்த முகம் என்று நம்பிப் போய்விடுகிறாள். ‘மினிட்’ என்றால் நிமிடம். அதே எழுத்துகளை ‘மைன்யூட்’ என்று வாசித்தால் மிகமிகச் சிறிய என்று பொருள். ‘நாவல்’ கதைப் புத்தகம், பண்புச் சொல்லாக வந்தால் புதுமையான. ‘க்ரேவ்’ கல்லறை, அதுவே தீவிரமான என்றும் வரும். விடைகள் எல்லாம் பண்புச் சொற்களாக இருந்தால் கேள்விச் சொல்லும் பண்புச் சொல்தான் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுங்கள். இது ஒன்றே பல மதிப்பெண்களைக் காப்பாற்றும்.

சொல்லின் முன்னொட்டும் ஏமாற்றும். ‘இன்’ வந்தாலே எதிர்ப்பொருள் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். ‘இன்வேல்யுவபிள்’ என்றால் விலைமதிக்க முடியாத அளவு பயனுள்ள. ‘இன்ஃபேமஸ்’ என்றால் புகழ் இல்லாத என்று அர்த்தமில்லை, கெட்ட பெயரெடுத்த. ‘இன்ஃப்ளேமபிள்’ என்றால் தீப்பற்றும், பற்றாத இல்லை! அதேபோல ‘லி’யில் முடிவதெல்லாம் வினையடை ஆகிவிடாது. ‘லோன்லி’, ‘காஸ்ட்லி’, ‘கோஸ்ட்லி’ எல்லாம் பண்புச் சொற்கள்.

டூட்டிங்கிலிருந்து ஓர் அம்மா: ஆங்கிலத்தில் ஒரே பொருளுக்கு ஏன் இத்தனை சொற்கள்?

நல்ல கேள்வி. பிள்ளையிடமும் இதைக் கதையாகச் சொல்லுங்கள். 1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தபோது பிரெஞ்சும் கூடவே வந்தது. அரண்மனையில் பிரெஞ்சு, வயல்வெளியில் பழைய ஆங்கிலம், தேவாலயத்திலும் ஏட்டிலும் லத்தீன். அரசனுக்குரிய என்பதற்கு ‘கிங்லி’ பழைய ஆங்கிலம், ‘ராயல்’ பிரெஞ்சு வழி, ‘ரீகல்’ லத்தீன் வழி. ‘மதர்லி’க்கு ‘மெட்டர்னல்’, ‘பிரதர்லி’க்கு ‘ஃப்ரெட்டர்னல்’, ‘இயர்லி’க்கு ‘ஆனுவல்’. இப்படி ஜோடி சேர்க்கும் விளையாட்டு பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும்.

க்ரோய்டனிலிருந்து ஓர் அப்பா: முன்பின் தெரியாத சொல் வந்தால்?

சொல்லை உடைத்துப் பார்க்கட்டும். லத்தீனில் ‘பெனெ’ என்றால் நன்றாக, ‘மலெ’ என்றால் கெட்ட விதமாக. ‘பெனிஃபிட்’ தெரிந்த பிள்ளை ‘பெனவலன்ட்’ நல்லது என்று ஊகிக்கலாம். ‘மலேரியா’ என்ற பெயரே இத்தாலிய மொழியில் கெட்ட காற்று. அதை நினைத்தால் ‘மலவலன்ட்’ பிடிபடும். அதுவும் உதவவில்லையா? நிச்சயம் பொருந்தாதவற்றை அடித்துவிட்டு மீதியில் ஒன்றைக் குறித்துவிட்டு நகரட்டும். ஜிஎல் தாள்களில் தப்புக்கு மதிப்பெண் கழிக்க மாட்டார்கள். கட்டத்தைக் காலியாக விடுவதுதான் நஷ்டம்.

வெம்பிளியிலிருந்து ஓர் அம்மா: ஒரு நாளைக்கு எத்தனை சொல்?

குறைவாக. ஐந்து போதும். ஆனால் அதே ஐந்து நாளையும் வர வேண்டும், நாலு நாள் கழித்தும் வர வேண்டும், இரண்டு வாரம் கழித்தும் வர வேண்டும். படித்தது எவ்வளவு வேகமாக மறக்கிறது என்று எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் 1885-லேயே தன்னையே சோதித்து எழுதிவைத்தார். அட்டையின் ஒரு பக்கம் சொல், மறுபக்கம் அந்தச் சொல் வரும் இடத்தைக் காலியாக விட்ட ஒரு வாக்கியம். வாக்கியத்தைப் பிள்ளையே எழுத வேண்டும், நீங்கள் எழுதித் தரக்கூடாது.

லூட்டனிலிருந்து ஓர் அம்மா: தேர்வுக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது. பட்டியலில் பாதி பாக்கி.

புதிய சொற்களை இன்றோடு நிறுத்துங்கள். இதுவரை தப்பான சொற்களை மட்டும் திருப்பிப் பாருங்கள். இரவு நேரத்தோடு தூங்க விடுங்கள்.

கிங்ஸ்டனிலிருந்து ஒரு மாணவி: ஆன்ட்டி, எனக்குப் பத்து வயது. கட்டுரையில் ‘நைஸ்’ என்று எழுதவே கூடாதா?

எழுதலாம் கண்ணா, தப்பே இல்லை. எழுதுவதற்கு முன் ஒரு கேள்வி மட்டும் கேட்டுக்கொள். உன் பக்கத்து வீட்டுப் பாட்டி ‘நைஸ்’ என்றால் எப்படி? கேட்காமலே பலகாரம் கொடுப்பவரா, அப்போது ‘ஜெனரஸ்’. நீ பந்தை அவர் தோட்டத்தில் போட்டும் கோபப்படாதவரா, அப்போது ‘பேஷன்ட்’. உன்னைப் பார்த்ததும் முகம் மலர்பவரா, அப்போது ‘அஃபெக்‌ஷனேட்’. எந்தப் பாட்டி என்று முடிவு செய்துவிட்டு அந்தச் சொல்லை எழுது.