2012 ஸ்கார்பியோ வாங்கலாமா? வண்டி விலைக்கு மேல் எவ்வளவு ஆகும்?

சேரன்மகாதேவியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணாச்சி, 2012 மாடல் ஸ்கார்பியோ ஒண்ணு பார்த்திருக்கேன். எம்ஹாக் இன்ஜின், டிஎன் 72 வண்டி, மூணாவது ஓனர், மீட்டர்ல 1,68,000 கிலோமீட்டர். 3 லட்சத்து 80 ஆயிரம் கேக்காங்க. பிசான நெல்லு வித்த பணத்தையும் சேர்த்து எங்கிட்ட மொத்தமே நாலரை லட்சம்தான் இருக்கு. தோப்புக்கும் போகணும், அப்பா அம்மாவைத் திருச்செந்தூருக்கும் கூட்டிட்டுப் போகணும். தெரிஞ்ச மெக்கானிக் லட்ச ரூபா வேலை இருக்கும்ங்கார். ஓனர் டீசல் மட்டும் போட்டா போதும்ங்கார். யாரை நம்ப?"

தம்பி, மெக்கானிக்கை நம்புங்கள். ஓனர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. இவ்வளவு வயதான டீசல் வண்டி எதுவானாலும், கை மாறிய முதல் ஆறு மாதத்தில் வேலை கேட்கும். பழைய ஓனர் தள்ளிப்போட்ட வேலையெல்லாம் புது ஓனர் தலையில்தான் விழும். அதனால் வண்டி விலையை மட்டும் பேசாதீர்கள். வண்டி விலை, முதல் ஆறு மாதச் செலவு, இரண்டையும் கூட்டி உங்கள் நாலரை லட்சத்துக்குள் அடங்குகிறதா என்று பாருங்கள்.

இந்த இன்ஜின் 2179 சிசி, காமன் ரெயில் டீசல். ஒழுங்காக ஆயில் மாற்றியிருந்தால் மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டிகளும் உண்டு. இதில் பெரிய பணத்தை விழுங்கக்கூடியவை, டீசலை இன்ஜினுக்குள் தெளிக்கும் இன்ஜெக்டரும், காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போவும். இந்த இரண்டும் நன்றாக இருந்தால் மற்றதெல்லாம் தாங்கக்கூடிய செலவுதான்.

இன்ஜெக்டரைப் பார்க்க ஸ்கேனருக்கு முன்னால் ஒரு எளிய வழி இருக்கிறது. காலையில் ஆறு மணிக்குப் போங்கள். "நான் வருமுன் ஸ்டார்ட் பண்ண வேண்டாம்" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டின் மேல் கையை வைத்துப் பாருங்கள், சில்லென்று இருக்க வேண்டும். சாவியைத் திருப்பினால் இரண்டு மூன்று விநாடிக்குள் இன்ஜின் பிடிக்க வேண்டும். குளிர் நாட்டில் ஸ்டார்ட் ஆகத் தாமதமானால் இன்ஜினைச் சூடாக்கிக் கொடுக்கும் குளோ பிளக்கைச் சொல்லலாம். நம் ஊரில் மார்கழி விடியலில்கூட அந்த அளவுக்குக் குளிர் கிடையாது. அதனால் பேட்டரி நன்றாக இருந்தும் செல்ஃப் நெடுநேரம் சுற்றினால், என் சந்தேகம் முதலில் இன்ஜெக்டர் மேல்தான் போகும். நாலு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் லைனிலும் சின்ன பாட்டில் மாட்டி ஓடவிட்டுப் பார்க்கும் டெஸ்ட் ஒன்று உண்டு. எந்த பாட்டில் சீக்கிரம் நிறைகிறதோ, அந்த இன்ஜெக்டர் தேய்ந்திருக்கிறது. டீசல் பம்ப் ஒர்க்‌ஷாப்பில் சில நூறு ரூபாய்க்கே பார்த்துத் தருவார்கள். ரீகண்டிஷன் என்றால் ஒன்றுக்கு 4,000 முதல் 6,000, புதிது என்றால் ஒன்றுக்கு 12,000-க்கு மேல். நாலும் போயிருந்தால் அதுவே அரை லட்சம்.

டர்போவுக்கு, வண்டி சூடான பிறகு கொஞ்ச நேரம் ஐடிலில் விட்டு, பிறகு ஒருமுறை நன்றாக மிதித்துப் பின்னால் புகையைப் பாருங்கள். நீலப் புகை ஆயில் எரிவதைக் காட்டும், டர்போ வழியாக ஆயில் கசியலாம். கரும்புகை மட்டும் என்றால் ஏர் ஃபில்டர், இன்டர்கூலர் ஹோஸ் கிழிசல், இன்ஜெக்டர் என்று ஏதாவது இருக்கும். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து வைத்தால் புகை குப்குப்பென்று வரக்கூடாது. வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது, முழு இன்ஜின் வேலைக்கு லட்சத்துக்கு மேல் ஆகும். அந்த வண்டியை எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். டர்போ மட்டும் என்றால் ரீகண்டிஷனுக்கு 15,000 வாக்கில், புதிது 35,000-க்கு மேல்.

அடுத்து கூலிங். நம் பக்கத்தில் இதைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். ராதாபுரம், திசையன்விளை, சாத்தான்குளம் பக்கம் ஓடிய வண்டிகளில் கூலண்டுக்குப் பதிலாக போர் தண்ணீரை ஊற்றியே காலம் தள்ளியிருப்பார்கள். அது உப்புத் தண்ணீர். ரேடியேட்டர் குழாய்க்குள் பாறை மாதிரி படியும், வாட்டர் பம்பை அரிக்கும். சித்திரை வெயிலில் ஏசி போட்டு ஏற்றத்தில் ஏறும்போது சூடு தாங்காமல் ஹெட் கேஸ்கட் போய்விடும். ஆறிய வண்டியில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து விரலை விட்டுப் பாருங்கள். கூலண்டுக்குரிய நிறம் இல்லாமல் துருச்சேறு வந்தால் ரேடியேட்டர், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், ஹோஸ் எல்லாம் சேர்த்து 15,000 முதல் 20,000 எழுதிக்கொள்ளுங்கள். முடிந்தால் புளியரை எஸ் வளைவு வழியாகக் கோட்டைவாசல் வரை, ஏசி போட்டு, நாலு பேர் உட்கார்ந்து ஒருமுறை ஏற்றிப் பாருங்கள். டெம்பரேச்சர் முள் நடுவிலேயே நின்றால் நல்லது. சமதளத்தில் நாலு வழிச் சாலையில் ஓட்டிக் காட்டினால் இது தெரியாது.

ஒன்றை முக்கியமாகச் சொல்ல வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தை நாம் யாரும் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி வண்ணார்பேட்டை, கொக்கிரகுளம், சிந்துபூந்துறை என்று தெருவுக்குள் புகுந்தது. அன்று மூழ்கிய வண்டிகள் கழுவி, பாலிஷ் போட்டு, இன்றும் கை மாறிக்கொண்டிருக்கின்றன. என் சொந்தக்காரர் ஒருவருக்கு நானே ஒரு வண்டியைச் சாயங்கால வெளிச்சத்தில் அவசரமாகப் பார்த்து "எடுக்கலாம்" என்று சொன்னேன். இன்ஜின் அருமையாக இருந்தது. மூன்றே மாதத்தில் ஏபிஎஸ் விளக்கு, பவர் விண்டோ, மீட்டர் என்று ஒவ்வொன்றாகப் போய், கடைசியில் ஓடும்போதே நின்றது. டேஷ்போர்டைக் கழற்றினால் கனெக்டர் பூராவும் பச்சை பூத்திருந்தது, மூலையில் வண்டல். அவர் கொடுத்த பணத்தில் பாதி ஒயரிங்குக்கே போயிற்று. என் பேச்சை நம்பித்தான் அவர் வாங்கினார். அதிலிருந்து நான் இதைப் பார்க்காமல் எந்த வண்டிக்கும் சரி சொல்வதில்லை: சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள், அடிப்பகுதியில் பழுப்புக் கோடு இருக்கிறதா பாருங்கள். சீட்டுக்கு அடியில் உள்ள ரெயில், போல்ட்டுகளில் துரு இருக்கிறதா பாருங்கள். தரைக் கார்ப்பெட்டைத் தூக்கி மோந்து பாருங்கள். டிஃபரன்ஷியல் ஆயில் பால் கலந்த மாதிரி இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. இன்சூரன்ஸ் கிளைம் விவரத்தையும் கேளுங்கள். மூழ்கிய வண்டி என்று தெரிந்தால் இன்ஜினைப் பார்க்கவே வேண்டாம்.

இது லேடர் சேசிஸ் வண்டி, அதாவது ஏணி மாதிரியான இரும்புச் சட்டத்தின் மேல் பாடி உட்கார்ந்திருக்கும். உவரி, கூடங்குளம் போல் கடலோரத்தில் நின்ற வண்டியென்றால் லிஃப்டில் ஏற்றி, துரு அரித்திருக்கிறதா என்று சேசிஸை ஸ்க்ரூ டிரைவரால் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

மீதியெல்லாம் சாதாரணத் தேய்மானம். அன்டர் சேசிஸ், அதாவது புஷ், பால் ஜாயின்ட், லிங்க் ராடு, ஷாக் அப்சார்பர் வகையில் 18,000 வாக்கில். கிளட்ச் செட், கூலியோடு 15,000 முதல் 20,000. நாலாவது கியரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் அழுத்தி மிதித்தால், வேகம் ஏறாமல் ஆர்பிஎம் மட்டும் ஏறக்கூடாது. டயர் நாலும் 36,000 வரை. ஆயில், ஃபில்டர், பெல்ட் எல்லாம் மாற்ற 15,000. ஏசி கம்ப்ரஸர் போயிருந்தால் 20,000-க்கு மேல். இதெல்லாம் வெளி ஒர்க்‌ஷாப் கணக்கு. ஷோரூமில் இதைவிடக் கூடும்.

பேப்பரில் ஒன்றைப் பலரும் விட்டுவிடுவார்கள். 2012-ல் பதிவான வண்டிக்கு 15 வருடம் 2027-ல் முடிகிறது. ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் வந்த கட்டணப்படி காருக்கு 5,000 ரூபாய், பசுமை வரி தனி. வண்டியை எஃப்.சி. என்னும் தகுதிச் சான்றுக்குத் தயார் செய்யும் டிங்கரிங், பெயின்ட் செலவு வேறு. அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி நம்பரைப் போட்டு, ஃபைனான்ஸ் நிலுவை, அபராதம் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். ஹெச்.பி. (ஃபைனான்ஸ் கடன் ஆர்.சி.யில் பதிவாகி) இருந்தால் 35-ம் நம்பர் படிவத்தில் ஃபைனான்ஸ்காரர் கையெழுத்து வாங்கித் தந்த பிறகே முழுப் பணம் கொடுங்கள். பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அலமாரியில் வைத்துவிடாமல் உடனே பெயர் மாற்றுங்கள்.

இப்போது உங்கள் கணக்கு. டயர், அன்டர் சேசிஸ், ஆயில் சர்வீஸ், கிளட்ச், நாலும் சேர்த்தால் 85,000-க்குக் கொஞ்சம் மேல். இன்ஜெக்டர், டர்போ, கூலிங் மூன்றும் நன்றாக இருந்தால்தான் இந்தக் கணக்கு. அப்படி இருந்தால் 3 லட்சத்து 30 ஆயிரம் வரை கொடுக்கலாம். ஆர்.சி. செலவுக்கும் கையில் கொஞ்சம் மிஞ்சும். மூன்றில் ஒன்று பழுது என்றால், அதற்கான தொகையை அந்த இடத்திலேயே கழித்துச் சொல்லுங்கள். ஓனர் 3 லட்சத்து 80-ஐ விட்டு இறங்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள். இதே மாடல் பாளையங்கோட்டையிலும் தென்காசியிலும் அடிக்கடி விற்பனைக்கு வருகிறது. அடுத்த வண்டியைப் பார்க்கப் போகும்போது அந்த மெக்கானிக்கையும் உடன் கூட்டிப் போங்கள், அவருக்கு அரை நாள் சம்பளம் கொடுத்து.