ஆன்லைனில் புள்ளியியல்: பாதி வழியில் வரும் மேட்டுக்கு இப்போதே தயாராகுங்கள்

கேள்வி: வேலை பார்த்துக்கொண்டே பட்டப்படிப்பை முடிக்கப் பார்க்கிறேன். புள்ளியியல், நிகழ்தகவு அறிமுகப் பாடம் ஒன்று கட்டாயம். ஆன்லைனில் 8 வார வகுப்பும் இருக்கிறது, 16 வார வகுப்பும் இருக்கிறது. நான் கணக்கைத் தொட்டுப் பல வருடங்கள் ஆகிவிட்டன. வீடியோ பார்த்தே தேறிவிட முடியுமா? எதை எடுப்பது, எப்படிப் படிப்பது?

பதில்: ஆன்லைனில் தேறலாம். வீடியோவை மட்டும் பார்த்துத் தேறுவது கஷ்டம். இரண்டு வகுப்புகளில் 16 வாரத்தையே எடுங்கள். கணக்கு பற்றிய பயத்தைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். இந்தப் பாடத்தில் தடுமாறுகிறவர்களில் பலர் கணக்கு வராமல் தடுமாறுவதில்லை. முதல் சில வாரங்கள் சுலபமாக ஓடிவிடும். மொத்தப் பாடமும் இப்படித்தான் என்று நம்பிவிடுவார்கள். பாதி வழியில் ஒரு கருத்து வரும்போது அதற்குக் கொடுக்க நேரம் இருக்காது. அந்தக் கருத்தைப் பற்றித்தான் இங்கே அதிகம் பேசப்போகிறேன். அதற்கு முன், சேரும்போது கவனிக்க வேண்டிய ஒன்றிரண்டு விஷயங்கள்.

அறிமுகப் புள்ளியியல் என்ற ஒரே பெயரில் இரண்டு வகைப் பாடங்கள் நடக்கின்றன. ஒன்றுக்குப் பள்ளி இயற்கணிதம் போதும். மற்றது நுண்கணிதத்தின் மேல் கட்டியது. தொகையிட (integration) தெரியாமல் அதில் பாதி தூரம்கூடப் போக முடியாது. தலைப்பை வைத்து எது எதுவென்று தெரியாது. பாடத்திட்டத்தைத் திறந்து, முன்தகுதியாக என்ன கேட்கிறார்கள் என்று பாருங்கள். உங்கள் பட்டத்துக்கு எந்த வகை தேவை என்று துறையில் கேளுங்கள். வேறு கல்லூரியின் வகுப்பை எடுப்பதாக இருந்தால், அந்த கிரெடிட்டை உங்கள் கல்லூரி ஏற்கும் என்பதைப் பணம் கட்டும் முன்பே மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாய்வார்த்தை போதாது. தேர்வு எப்படி நடக்கும், கேமரா வழியே கண்காணிப்பார்களா, எந்தக் கால்குலேட்டருக்கு அனுமதி, சூத்திரத் தாள் வைத்துக்கொள்ளலாமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

சரி, ஏன் 16 வாரம்? 3 கிரெடிட் பாடத்துக்கு வகுப்பும் வீட்டுப்பாடமும் சேர்த்து வாரம் 9 மணி நேரம் என்பது பல கல்லூரிகள் போடும் கணக்கு. 16 வாரத்துக்கு 144 மணி நேரம். அதே பாடத்தை 8 வாரத்தில் முடிக்க வாரம் 18 மணி நேரம் வேண்டும். வேலைக்குப் போகிறவருக்கு இது ஏறக்குறைய இன்னொரு பகுதிநேர வேலை. மணிக்கணக்கு ஒருபுறம் இருக்கட்டும். புள்ளியியலில் சில கருத்துகள் முதல் தடவையில் பிடிபடாது. நாலைந்து நாள் விட்டுத் திரும்ப வந்து பார்த்தால்தான் பிடிபடும். 8 வார வகுப்பில் அந்த இடைவெளி கிடைக்காது. நீங்கள் திரும்பி வருவதற்குள் பாடம் இரண்டு அத்தியாயம் தாண்டியிருக்கும்.

கணக்கைப் பொறுத்தவரை, இயற்கணித வகைப் பாடத்துக்கு உங்களுக்குத் தேவையானது கொஞ்சம்தான். பின்னம், தசமம், சதவீதம் ஆகிய மூன்றுக்கும் நடுவே தயங்காமல் மாற வேண்டும். வர்க்கம், வர்க்கமூலம், அசமன்பாடு, நேர்கோட்டின் சமன்பாடு தெரிய வேண்டும். கூட்டுத்தொகையைக் குறிக்கும் சிக்மாவை (Σ) பார்த்தால் மிரளக்கூடாது. பாடம் தொடங்கும் முன் இரண்டு வாரம், தினமும் அரை மணி நேரம் கான் அகாடமி என்ற இலவச இணையதளத்தில் இவற்றைப் போட்டுப் பாருங்கள். போதும்.

முதல் கட்டம் தரவைச் சுருக்கிச் சொல்வது: சராசரி, இடைநிலை, திட்ட விலக்கம் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு), வரைபடங்கள். இதில் பெரிய சிரமம் வராது. திட்ட விலக்கத்தை மட்டும் ஐந்தாறு எண்களை வைத்து ஒருமுறையாவது கையால் கணக்கிடுங்கள். அப்புறம் எப்போதும் மென்பொருளே செய்யட்டும்.

அடுத்தது நிகழ்தகவு. இங்கே சூத்திரங்களை மனப்பாடம் செய்வதைவிட, கேள்வியை ஆட்களின் எண்ணிக்கையாக மாற்றிக்கொள்வது பெரிய உதவி. ஓர் உதாரணம். ஒரு நோய் 100 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. பரிசோதனை, நோய் உள்ளவர்களில் 90 சதவீதம் பேரைச் சரியாகக் கண்டுபிடிக்கிறது. நோய் இல்லாதவர்களில் 9 சதவீதம் பேருக்கும் இருப்பதாகத் தவறாகச் சொல்கிறது. ஒருவருக்கு 'இருக்கிறது' என்று முடிவு வந்தால், அவருக்கு உண்மையிலேயே நோய் இருக்க எவ்வளவு வாய்ப்பு? 90 சதவீதம் என்றுதான் மனசு சொல்லும். இப்போது 1000 பேரை எடுத்துக்கொள்ளுங்கள். நோய் உள்ளவர்கள் 10 பேர். அவர்களில் 9 பேருக்குச் சரியாக வரும். நோய் இல்லாதவர்கள் 990 பேர். அவர்களில் சுமார் 89 பேருக்குத் தவறாக வரும். ஆக 'இருக்கிறது' என்று வந்தவர்கள் 98 பேர், உண்மையில் நோயாளிகள் 9 பேர். விடை ஏறக்குறைய 9 சதவீதம். பேயஸ் தேற்றத்தின் சூத்திரமும் இதே விடையைத்தான் தரும். ஆனால் இப்படி ஒரு கட்டம் போட்டுப் பார்த்தவருக்குத் தேர்வில் பின்னத்தின் மேலே எது வரும், கீழே எது வரும் என்ற குழப்பம் வராது. இப்படி, ஒன்று தெரிந்த பிறகு மற்றதன் வாய்ப்பைக் கேட்கும் நிபந்தனை நிகழ்தகவுக் கேள்வி எது வந்தாலும் முதலில் 1000 பேரை வைத்துக் கட்டம் போடுங்கள்.

இந்தப் பகுதியில் பலரை விழவைக்கும் இன்னொரு இடம்: ஒன்றையொன்று விலக்கும் (சேர்ந்து நடக்க முடியாத) நிகழ்ச்சிகளையும் சார்பற்ற (ஒன்று நடப்பது மற்றதன் வாய்ப்பை மாற்றாத) நிகழ்ச்சிகளையும் ஒன்றாக நினைப்பது. நடக்க வாய்ப்புள்ள இரண்டு நிகழ்ச்சிகள் ஒன்றையொன்று விலக்கினால், அவை சார்பற்றவையாக இருக்கவே முடியாது. ஒன்று நடந்துவிட்டது என்று தெரிந்ததுமே மற்றது நடக்காது என்று தெரிந்துவிடுகிறதே!

இனி அந்த மேடு. மாதிரிப் பரவல் என்ற தலைப்பில், பெரும்பாலும் பாடத்தின் நடுவில் வரும். திரும்பத் திரும்ப மாதிரி எடுத்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு சராசரி வரும்; அந்தச் சராசரிகளுக்கே ஒரு பரவல் உண்டு என்பதுதான் கருத்து. கேட்க எளிதாக இருக்கும். வீடியோவில் பத்து நிமிடத்தில் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். ஆனால் நம்பிக்கை இடைவெளி, கருதுகோள் சோதனை, ரிக்ரஷன் என்று பின்னால் வரும் அத்தனையும் இதன் மேல்தான் நிற்கின்றன. இது புரியாமல் தாண்டிவிட்டால் மிச்சப் பாடம் முழுவதும் சூத்திரத்தில் எண்ணைப் போடும் வேலையாகிவிடும்.

இதை நீங்களே செய்து பார்க்க வேண்டும். ஸ்பிரெட்ஷீட்டைத் திறங்கள். 1 முதல் 6 வரை தற்செயலாக ஓர் எண்ணைத் தரும் ஃபார்முலா அதில் உண்டு. ஒரு வரிசையில் 25 கட்டங்களில் அதைப் போடுங்கள். ஒரு பகடையை 25 தடவை உருட்டியதற்குச் சமம். வரிசையின் கடைசியில் அந்த 25 எண்களின் சராசரி. இந்த வரிசையைக் கீழே இழுத்து 200 வரிசைகள் ஆக்குங்கள். இப்போது உங்களிடம் 5000 உருட்டல்களும் 200 சராசரிகளும் இருக்கின்றன. உருட்டல்களுக்கு ஒரு ஹிஸ்டோகிராம் (எந்த மதிப்பு எத்தனை தடவை வந்தது என்று காட்டும் பட்டைப் படம்), சராசரிகளுக்கு ஒரு ஹிஸ்டோகிராம் வரையுங்கள். உருட்டல்களின் படம் தட்டையாக இருக்கும்; ஆறு எண்களும் ஏறக்குறைய சமமாக வந்திருக்கும். சராசரிகளின் படமோ 3.5-ஐச் சுற்றிக் குவிந்து, நடுவில் உயர்ந்து இரண்டு பக்கமும் சரிந்திருக்கும். தட்டையான ஒன்றிலிருந்து இந்த வடிவம் எப்படி வந்தது? மைய எல்லைத் தேற்றம் பேசுவது இதைத்தான்.

எண்களையும் கவனியுங்கள். ஓர் உருட்டலின் திட்ட விலக்கம் சுமார் 1.71. 25 உருட்டல்களின் சராசரிக்குத் திட்டப் பிழை, அதாவது அந்தச் சராசரிகளின் திட்ட விலக்கம், 1.71-ஐ 25-இன் வர்க்கமூலமான 5 ஆல் வகுத்தால் கிடைக்கும் 0.34. உங்கள் 200 சராசரிகளின் திட்ட விலக்கத்தை ஸ்பிரெட்ஷீட்டிலேயே கேட்டுப் பாருங்கள், 0.34-க்குப் பக்கத்தில்தான் வரும். பிழையைப் பாதியாக்க வேண்டுமானால் இரண்டு மடங்கு உருட்டினால் போதாது, நாலு மடங்கு உருட்ட வேண்டும் என்பதும் அந்த வர்க்கமூலத்தால்தான்.

அதே தாளை மூடிவிடாதீர்கள். ஒவ்வொரு சராசரிக்கும் இருபுறமும் 0.67 சேர்த்து ஓர் இடைவெளி எழுதுங்கள், 0.67 என்பது திட்டப் பிழையின் 1.96 மடங்கு. அந்த 200 இடைவெளிகளில் 3.5-ஐ உள்ளே வைத்திருப்பவை எத்தனை? 190-ஐ ஒட்டி வரும். 95 சதவீத நம்பிக்கை இடைவெளியின் பொருள் இவ்வளவுதான்: இந்த முறையைத் திரும்பத் திரும்பச் செய்தால் 100-க்கு 95 தடவை போல உண்மையான மதிப்பு உள்ளே அகப்படும். உங்கள் கையில் இருக்கும் ஒரே ஓர் இடைவெளி, அகப்பட்ட 190-இல் ஒன்றா, தப்பிய 10-இல் ஒன்றா என்பது உங்களுக்குத் தெரியாது. இந்தக் கேள்வியைத் தேர்வில் விதவிதமாகக் கேட்பார்கள். தாளைச் செய்து பார்த்தவர்கள் சிக்குவதில்லை.

இங்கே ஒரு சின்ன விலகல், எனக்கு மிகவும் பிடித்த தரவு என்பதால். இரண்டாம் உலகப் போரின்போது டென்மார்க்கில் தடுப்புக் காவலில் இருந்த ஜான் கெரிச் என்ற கணிதவியலாளர் ஒரு நாணயத்தை 10,000 தடவை சுண்டிப் பதிவு செய்தார். தலை விழுந்தது 5,067 தடவை. பாதியான 5,000-ஐவிட 67 கூடுதல். விகிதமாகப் பார்த்தால் 50.67 சதவீதம். நீண்ட ஓட்டத்தில் விகிதம்தான் பாதியை நெருங்குகிறது. முன்பு கூடுதலாக விழுந்த தலைகளுக்கு ஈடுகட்ட எந்த நாணயமும் பூவாக விழுவதில்லை.

கருதுகோள் சோதனைக்கு, அதாவது ஓர் ஊகம் தரவோடு பொருந்துகிறதா என்று பார்ப்பதற்கு வந்தால், பி-மதிப்பை வார்த்தையில் எழுதப் பழகுங்கள். கருதுகோள் உண்மையாக இருக்கும் வாய்ப்பு எவ்வளவு என்பதை பி-மதிப்பு சொல்லாது. அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2016-இல் வெளியிட்ட அறிக்கையிலேயே இதைத் தெளிவாக எழுதியிருக்கிறது. ஒரு நாணயத்தை 100 தடவை சுண்டினால் 60 தலை விழுந்தது என்று வையுங்கள். நாணயம் நேர்மையானது என்று எடுத்துக்கொண்டால், பாதியிலிருந்து இவ்வளவு தூரமோ இதற்கு மேலோ எந்தப் பக்கமாவது விலகுவதற்கான வாய்ப்பு சுமார் 0.057. அதுதான் பி-மதிப்பு. 61 தலை விழுந்திருந்தால் அது சுமார் 0.035. 0.05 என்ற வழக்கமான கோட்டுக்கு ஒன்று அந்தப் பக்கம், மற்றது இந்தப் பக்கம். நடுவில் இருப்பது ஒரே ஒரு சுண்டல். 'என்று எடுத்துக்கொண்டால்' என்ற அந்த நிபந்தனையை விடாமல் எழுதுகிறவருக்கு இந்தப் பகுதியில் மதிப்பெண் குறையாது.

வீடியோ பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஆசிரியர் கணக்கைப் போடும்போது எல்லாமே புரிந்த மாதிரி இருக்கும். காரணம், அடுத்து என்ன செய்வது என்ற முடிவை அவர் எடுத்துவிடுகிறார். அந்த முடிவை எடுப்பதுதான் தேர்வில் உங்கள் வேலை. ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஒரு பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள், ஐந்து நிமிடம் கழித்து வைத்த சோதனையில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த சோதனையில், படித்ததை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பழகியவர்கள் முந்தினார்கள். அதனால் கேள்வி திரையில் வந்ததும் வீடியோவை நிறுத்துங்கள். தாளில் போடுங்கள். தவறாகப் போனாலும் முழுசாகப் போட்டுவிட்டு, அப்புறம் ஓட விடுங்கள். வீடியோ பார்க்கும் நேரத்தைப் போல இரண்டு மடங்காவது கணக்குப் போட ஒதுக்குங்கள்.

அத்தியாய முடிவில் வரும் பயிற்சிகளில் இன்னொரு குறை இருக்கிறது. எந்தச் சோதனையைப் பயன்படுத்துவது என்பதை அத்தியாயத் தலைப்பே சொல்லிவிடும். தேர்வில் தலைப்பு இருக்காது. எனவே வாரம் ஒருமுறை நாலைந்து அத்தியாயங்களின் கேள்விகளைக் கலந்து எடுத்து, கணக்குப் போடாமலே எந்த முறை என்பதை மட்டும் எழுதுங்கள். தரவு எண்ணா, வகையா? ஒரு குழுவா, இரண்டா? இரண்டு அளவுகளும் ஒரே ஆட்களிடம் எடுத்தவையா? இந்த மூன்று கேள்விகளிலேயே பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். பயிற்சிக்குக் கேள்விகள் போதவில்லை என்றால் ஓப்பன்ஸ்டாக்ஸ் இலவசமாகத் தரும் அறிமுகப் புள்ளியியல் பாடநூல் இருக்கிறது, நுண்கணிதம் இல்லாதது. எம்ஐடி ஓப்பன்கோர்ஸ்வேரும் இலவசம்தான், ஆனால் அதன் நிகழ்தகவு, புள்ளியியல் பாடம் நுண்கணிதம் தெரிந்தவர்களுக்கானது. இப்போது அதற்குப் போகாதீர்கள்.

மென்பொருள் விஷயத்தில் பாடம் எதைக் கேட்கிறதோ அதையே பழகுங்கள், அது ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருள் ஆனாலும் கால்குலேட்டர் ஆனாலும். வீட்டுப்பாடத்தை ஏஐ செயலியிடம் கொடுத்து விடை வாங்காதீர்கள். கண்காணிப்புத் தேர்வுக்குப் பெரும் பங்கு மதிப்பெண் இருந்தால், அன்று அது கூட வராது. வேண்டுமானால் நீங்கள் எழுதி முடித்த விளக்கத்தைக் கொடுத்து, இதில் எங்கே தவறு என்று கேளுங்கள். அது சொல்வதையும் பாடநூலோடு ஒப்பிட்டே ஏற்றுக்கொள்ளுங்கள்.

கடைசியாக, வகுப்பு தொடங்கும் நாளிலேயே காலண்டரில் இரண்டு தேதிகளைக் குறித்துவிடுங்கள். ஒன்று, மாதிரிப் பரவல் ஆரம்பிக்கும் வாரம். அந்த வாரத்திலும் அடுத்த வாரத்திலும் அலுவலகத்தில் கூடுதல் பொறுப்பு எதையும் ஏற்காதீர்கள், முடிந்தால் ஒருநாள் விடுப்பும் போடுங்கள். மற்றது, மதிப்பெண் பட்டியலைப் பாதிக்காமல் பாடத்திலிருந்து விலகுவதற்கான கடைசித் தேதி. அதற்கு ஒரு வாரம் முன்பு பழைய இடைத்தேர்வுத் தாள் ஒன்றை, நேரம் வைத்து, குறிப்பு பார்க்காமல் எழுதிப் பாருங்கள். பாதிக்கு மேல் வந்தால் தொடருங்கள். வரவில்லை என்றால், அந்தத் தாளையே எடுத்துக்கொண்டு ஆசிரியரின் ஆன்லைன் சந்திப்பு நேரத்தில் போய், மீதி வாரங்களில் இதைச் சரிசெய்ய முடியுமா என்று நேராகக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.