பின்மூடியைத் திறந்து பாருங்கள்

கேள்வி: எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டு எதிரே முப்பது வருடத்துக்கு மேல் வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருந்த என் சித்தப்பா, போன வாரம் கடையிலேயே மாரடைப்பில் போய்விட்டார். பதினாறாம் நாள் காரியத்துக்கு நினைவு மலர் போடலாம் என்கிறார்கள், எழுதும் வேலை என் தலையில். 'உழைப்பால் உயர்ந்த உத்தமர்' என்று ஆரம்பித்தேன், அதற்கு மேல் ஓடவில்லை. டிராயரில் ஊரார் கொடுத்த வாட்சுகள் வேறு நாற்பது கிடக்கின்றன. என்ன செய்யட்டும்?
- ஒரு வாசகர், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: முதலில் அந்த உத்தமரை அடித்துவிடுங்கள். எல்லா நினைவு மலரிலும் அவர்தான் இருக்கிறார், உங்கள் சித்தப்பா இல்லை. சித்தப்பாவின் கை என்ன செய்தது என்று எழுதுங்கள், அதற்கே நாலு பக்கம் பத்தாது.

எனக்கும் ஒரு வாட்ச்காரர் இருந்தார். அப்பா கொடுத்த எச்.எம்.டி ஜனதா, சாவி கொடுக்கிற வாட்ச், திடீரென்று ஒரு நாள் தறிகெட்டு முந்தி ஓட ஆரம்பித்தது. அவர் வாங்கிக் காதில் வைத்தார். ஒழுங்காக ஓடும் ஜனதா நொடிக்கு ஐந்து முறை, மணிக்கு 18,000 முறை அடிக்கும், நம்மால் எண்ண முடியாது, அவர் காதுக்குத் தெரியும். மூடியைக்கூடத் திறக்காமல் டிராயரிலிருந்து ஒரு சின்னத் திசைகாட்டியை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். முள் ஆடியது. "ராத்திரி எங்க தம்பி கழட்டி வைப்பீங்க?" ஸ்பீக்கர் பெட்டி மேலே. "அதான், காந்தம் ஏறிடுச்சு."

உள்ளே தலைமுடி கனத்தில் சுருண்டிருக்கும் ஹேர் ஸ்பிரிங்கில் காந்தம் ஏறினால் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், ஸ்பிரிங் குட்டையானது போலாகி வாட்ச் முந்தும். கரண்டில் ஓடும் ஒரு கம்பிச் சுருள் மேல் வைத்து மெதுவாகத் தூக்கினார், சரியாகிவிட்டது. காசு வாங்கவில்லை. மூடியைத் திறக்காத வேலைக்குக் காசு கிடையாது, அது அவர் கணக்கு.

அவரும் இப்படித்தான், காலையில் கடை திறந்தவர் மத்தியானம் இல்லை. இன்னொரு ரிப்பேருக்குக் கொடுத்திருந்த வாட்சை ஒரு மாதம் கழித்து வாங்கப் போய் இறங்கிய ஷட்டரைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். பிறகு அவர் மகன் நோட்டைப் பார்த்துக் கூப்பிட்டுக் கொடுத்த காகிதக் கவரில், பென்சிலில் 'மெயின் ஸ்பிரிங், வெள்ளிக்கிழமை' என்று அவர் கையெழுத்து. வாட்சை வேறு ஆளிடம் கொடுத்து ஓட வைத்துவிட்டேன், கவரைத் தூக்கிப் போட மனசு வரவில்லை.

அதனால் அந்த நாற்பதையும், ஓடாததையும் சேர்த்து, உரியவர்களிடம் கொடுத்துவிடுங்கள். சித்தப்பாவிடமும் ஒரு நோட்டு இருக்கும், தேடுங்கள். ஷட்டரில் போன் நம்பரோடு ஒரு அட்டை தொங்கவிடுங்கள். பழைய எச்.எம்.டிக்கு நல்ல விலை என்று யாராவது மொத்தமாகக் கேட்டு வருவார்கள், கொடுக்காதீர்கள். வாட்ச் வாங்க வருகிறவர் ஒவ்வொருவரும் சித்தப்பாவைப் பற்றி ஏதாவது சொல்லிவிட்டுத்தான் போவார், அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், மலர் முக்கால்வாசி முடிந்தது.

இன்னொன்றையும் வீட்டில் கேட்டுப் பாருங்கள். 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து எச்.எம்.டி பெங்களூரில் வாட்ச் செய்ய ஆரம்பித்தபோது இந்தத் தொழில் ராஜ தொழில். 1987-இல் டைட்டன் குவார்ட்ஸ் வந்த பிறகு பாதி நாள் பேட்டரி மாற்றுகிற வேலைதான். 2016-இல் எச்.எம்.டி வாட்ச் கம்பெனியையே மூட மத்திய அரசு முடிவெடுத்தது. நீங்கள் சொல்கிற கணக்குப்படி சித்தப்பா கடை போட்டது சரிவு தொடங்கிவிட்ட காலத்தில். தெரிந்தே ஏன் இறங்கினார், ஸ்பேர் கிடைக்காதபோது என்ன செய்தார், யாரிடம் தொழில் கற்றார்? உங்கள் சித்திக்குத் தெரிந்திருக்கும்.

அப்புறம், வாட்ச்காரர்கள் பலர் சர்வீஸ் செய்த தேதியையோ ஒரு நம்பரையோ பின்மூடியின் உள்பக்கம் ஊசியால் கீறி வைப்பார்கள். உங்கள் வீட்டு வாட்சுகளில் பாருங்கள், இருந்தால் போட்டோ எடுத்து அவர் படத்துக்குப் பக்கத்தில் போடுங்கள். ஆனால் மூடியைத் திறக்க இன்னொரு வாட்ச்காரரைக் கூப்பிடுங்கள். கத்தியால் நெம்பினால் சித்தப்பா இருந்திருந்தால் என்ன திட்டு திட்டியிருப்பார் என்று உங்களுக்கே தெரியும்.